உடலின் குடிமராமத்து

ஆரப்பாளையம், மதுரை மாநகரில் வையையின் தென்கரையை ஒட்டி அமைந்த பகுதி. திண்டுக்கல், தேனி, கோவை, சேலம் முதலிய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் அங்குள்ள நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. சித்திரைத் திங்களின் நண்பகலில் அந்நிலையத்தைக் காண்போர் உழைப்பின் பல வடிவங்களைக் காண்பர். மூட்டை சுமப்போர், நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் விற்போர், தள்ளுவண்டி இழுப்போர், பேருந்தின் கூரைமேல் ஏறிச் சரக்கைக் கயிற்றால் கட்டுவோர் என அவர் பலர். வெயில் அவர்தம் கழுத்திலும் முன்கையிலும் புறங்கையிலும் இடையறாது விழுகின்றது. மாலையில் அவர்கள் வீடு திரும்பிக் குளித்து உணவருந்தி உறங்குகின்றனர். மறுநாள் காலை மீண்டும் அதே வெயிலில் நிற்கின்றனர். தோல் சற்றுக் கறுப்பதன்றி வேறு தீங்கு புறத்தே தோன்றுவதில்லை.

ஆயினும் தீங்கு நேராமல் இல்லை. வெயிலில் கலந்துள்ள புற ஊதாக் கதிர், தோலின் உயிரணுக்களுக்குள் ஊடுருவி, அவற்றின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழையைத் தாக்குகின்றது. தென்னாட்டாரின் கருமேனியில் மிகுந்துள்ள நிறமி ஒரு குடை போல அக்கதிரைத் தடுக்கின்றது. ஆனால் எக்குடையும் முழுவதும் தடுப்பதன்று. குடையைக் கடந்த கதிரால் நாள்தோறும் விளையும் சிதைவை, இரவு பகல் பாராமல் செப்பனிடும் தொழிலாளர் சிலர் உயிரணுவினுள்ளேயே இருக்கின்றனர். அவர்களே நொதிகள் எனப்படுவோர்.

மாவு புளித்துப் பொங்குவதை நொதித்தல் என்பது பழைய வழக்கு. அம்மாற்றத்தை நிகழ்த்தும் பொருளுக்கு நொதி என்று பெயர் அமைந்தது. நொதிகளுள் பெரும்பாலானவை புரதங்களே. தாம் அழியாமல் பிற பொருள்களை விரைந்து மாற்றுதல் அவற்றின் இயல்பு. உண்ட சோற்றைச் சருக்கரையாக்குவன சில. அச்சருக்கரையிலிருந்து ஆற்றலைப் பிரிப்பன சில. இங்கே கூறப்படுவன டி.என்.ஏ.யைக் காப்பனவும், பிற புரதங்களின்மேல் குறியிட்டு அவற்றின் தொழிலை மாற்றுவனவுமாகிய நொதிகள்.

மனித உயிரணு ஒன்றின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். உடலை ஆக்குவதற்குரிய குறிப்பெல்லாம் அவ்விழைகளில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. இத்துணை அரிய ஏடு எளிதில் சிதையாத உறுதியுடையதாகவே இருக்கும் என்று 1960-களில் அறிஞர் பலர் கருதினர். சுவீடன் நாட்டுத் தாமஸ் லிண்டால் என்பார் அவ்வெண்ணத்தை ஐயுற்று ஆராய்ந்தார். வெயிலோ நஞ்சோ தீண்டாவிடினும், உடலின் இயல்பான வெம்மையிலும் நீரிலும் டி.என்.ஏ. தானாகவே சிதைகின்றது என்பது அவர் கண்ட உண்மை. ஓர் உயிரணுவில் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 எழுத்துகள் இழையினின்று உதிர்கின்றன என்று அவர் கணக்கிட்டார். இவ்வளவு சிதைவுக்குப் பின்னும் உயிர் நிலைக்குமாயின், அதனைச் சீர்செய்யும் நொதிகள் இருந்தே தீரவேண்டும் அன்றோ? அத்தகைய நொதி ஒன்றை அவர் 1974-ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார். அவருக்கும், அதே துறையில் உழைத்த பால் மோட்ரிச், அசீஸ் சன்சார் ஆகியோருக்கும் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

டி.என்.ஏ.யைச் செப்பனிடும் வழிகள் பல. அவற்றுள் ஒன்றை அறிந்துகொள்ள மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் துணைசெய்யும். மழைக்காலத்தில் நிறைந்த கண்மாயின் கரையில் நண்டு வளை தோண்டுவதுண்டு. வளையில் கசியும் நீர் சிறிது நேரத்தில் வாய்க்கால் போலப் பெருகும்; பொழுது விடிவதற்குள் கரையே உடையும். ஆதலின் நீர்பாய்ச்சி என்னும் ஊர்ப்பணியாளர் கரைமீது நடந்து காவல் புரிவார். கசிவைக் கண்டவுடன் கூவி ஊரை அழைப்பார். மண்வெட்டியும் கூடையும் ஏந்தி மக்கள் ஓடிவருவர். ஊரார் ஒன்றுகூடிக் கரையைப் பேணும் இம்முறைக்குக் குடிமராமத்து என்பது பெயர். ஆங்கிலேயர் ஆட்சி 1858-ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டமும் இயற்றியது.

உயிரணுவின் கருவில் இவ்வாறு காவல் புரியும் நொதி ஒன்று உண்டு. அதன் முழுப்பெயர் மிக நீண்டது. அறிவியலார் சுருக்கமாகப் பார்ப் என்றே வழங்குவர். டி.என்.ஏ.யின் இரு புரிகளுள் ஒன்று அறுந்தவுடன், சில நொடிகளுக்குள் பார்ப் அவ்விடத்தைப் பற்றிக்கொள்கின்றது. பற்றியதும் அதன் உருவம் சிறிது மாறுகின்றது. அம்மாற்றமே அதனைத் தொழிலில் முடுக்கிவிடுகின்றது. என்.ஏ.டி. என்னும் சிறு பொருளை எடுத்து, அதனை இரண்டாகப் பிளந்து, ஏ.டி.பி. ரிபோஸ் என்னும் பகுதியை மட்டும் தன்மேலும் அருகிலுள்ள புரதங்களின்மேலும் ஒட்டுகின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட ஒட்ட, அது மணிகள் கோத்த சரம் போல நீளுகின்றது. ஒரு சரத்தில் 200 மணிகள் வரையும் இருத்தல் கூடும். அச்சரமே ஊரை அழைக்கும் கூவல். இழையைத் துப்புரவு செய்யும் நொதி, விடுபட்ட எழுத்தை நிரப்பும் நொதி, அறுந்த முனைகளை இணைக்கும் நொதி ஆகியவை அச்சரத்தை அடையாளமாகக் கொண்டு அங்கே திரளுகின்றன.

இதனினும் வியப்புக்குரியது பின்னர் நிகழ்வது. கசிவின்மேல் கால்வைத்து அடைத்து நிற்கும் காவலர் அவ்விடத்தினின்று விலகாவிட்டால், மண்வெட்டி கொண்டு வந்தோர் எங்ஙனம் வேலை செய்வர்? டி.என்.ஏ. எதிர்மின் தன்மையுடையது; சரமும் எதிர்மின் தன்மையுடையது. சரம் நீண்ட அளவில், ஒன்றையொன்று தள்ளுவதால், பார்ப் தானாகவே இழையைவிட்டு நழுவுகின்றது. இதனைச் சதோ என்னும் ஜப்பானிய அறிஞருடன் சேர்ந்து லிண்டால் 1992-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். பணி முடிந்தபின் சரத்தைச் சில மணித்துளிகளுக்குள் கரைத்துவிடும் நொதி வேறொன்று உண்டு. அது இல்லையேல் கூவல் அடங்காது. அடுத்த உடைப்பைக் காண ஆளும் இராது.

இச்சரத்தை முதன்முதலில் கண்டோர் டி.என்.ஏ.யின் செப்பத்தைப் பற்றி எண்ணவேயில்லை. பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரில் பியேர் ஷாம்போன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1963-ஆம் ஆண்டில் கோழியின் ஈரலிலிருந்து பிரித்த உயிரணுக் கருக்களை ஆராய்ந்துகொண்டிருந்தனர். முன் அறியப்படாத ஒரு நெடும்பொருள் அங்கே உருவாவதை அவர்கள் கண்டனர். அதன் அமைப்பை அவர்களும், ஜப்பானில் ஒசாமு ஹயாய்ஷி, தகாஷி சுகிமுரா ஆகியோரின் குழுவினரும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாக்கினர். இது எதற்குப் பயன்படுகின்றது என்ற வினா மட்டும் நெடுநாள் நின்றது. டி.என்.ஏ.யின் செப்பத்தில் இதற்குப் பங்குண்டு என்பதை இங்கிலாந்தில் சிட்னி ஷால் குழுவினர் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பொருளைக் கண்டபின் பயனை அறிவதற்குப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

பார்ப் தனியொரு நொதியன்று, ஒரு குடும்பம். மனித உடலில் அக்குடும்பத்தினர் பதினெழுவர். அனைவரும் சரம் தொடுப்பதில்லை. ஒற்றை மணியை மட்டும் ஒட்டுவோரே அவர்களுள் மிகுதி. இங்ஙனம் ஒரு புரதத்தின்மேல் மணியொன்றை ஒட்டுவது சிறு செயல் போலத் தோன்றும். அதன் வலிமையைக் கொடிய நோய்க்கிருமிகள் நன்கு அறிந்துள்ளன என்றே கூறலாம். தொண்டை அடைப்பான் நோயை விளைக்கும் கிருமியின் நஞ்சு, உயிரணுவில் புரதம் ஆக்குவதற்கு இன்றியமையாத ஓர் உறுப்பின்மேல் ஏ.டி.பி. ரிபோஸை ஒட்டிவிடுகின்றது. உடனே புரத ஆக்கம் நின்றுபோகின்றது. அந்நஞ்சின் ஒரே மூலக்கூறு உட்புகுந்தாலும் ஓர் உயிரணு மடியக்கூடும். வாந்திபேதியின் நஞ்சும் அத்தகையதே. அது குடலின் உயிரணுக்களில் உள்ள ஒரு புரதத்தின்மேல் அதே மணியை ஒட்டி, அதனை ஓயாத இயக்கத்தில் நிறுத்திவிடுகின்றது. மூடவியலாத மடை போலக் குடலினின்று நீர் பெருகி வெளியேறுகின்றது. அக்கிருமி நஞ்சொன்றை உமிழ்கின்றது என்பதைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்பார் 1959-ஆம் ஆண்டில் ஆய்வால் மெய்ப்பித்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குரிய சிறப்பு முழுவதும் கிட்டாமற்போனது வருந்தத்தக்கது.

என்.ஏ.டி.யைக் கொண்டு தொழில் செய்யும் மற்றொரு குடும்பம் சர்டுவின்கள். மனிதரிடத்தில் அவை ஏழு. பார்ப் குறியை ஒட்டும். சர்டுவினோ புரதங்களின்மேல் முன்னரே ஒட்டியுள்ள அசிட்டைல் என்னும் குறியை அகற்றும். டி.என்.ஏ.யை இறுகச் சுற்றிவைப்பதிலும், அதன் செப்பத்திலும் அவற்றுக்குப் பங்குண்டு.

பார்ப் பற்றிய அறிவு மருத்துவத்திற்குப் பயன்பட்ட முறை எதிர்பாராதது. காக்கும் நொதியைத் தடுப்பதால் நோய் தீருமா என்று எவரும் வினவக்கூடும். பி.ஆர்.சி.ஏ. எனப்படும் மரபுக்கூறுகள் இரண்டு உண்டு. டி.என்.ஏ.யின் இருபுரியும் அறுந்த பெரும் உடைப்பைச் செப்பனிடும் புரதங்களுக்கு அவை மூலமானவை. பிறப்பிலேயே அவற்றுள் ஒன்று பழுதுற்ற பெண்டிர்க்கு மார்பிலும் சூலகத்திலும் புற்றுநோய் தோன்றும் அச்சம் மிகுதி. அவர்தம் புற்றுநோய் உயிரணுக்களில் பெரும் உடைப்பைக் காக்கும் வழி அடைபட்டிருக்கும். அந்நிலையில் பார்ப் நொதியையும் மருந்தால் தடுத்தால், சிறு கசிவெல்லாம் பெரும் உடைப்பாகி, அவ்வுயிரணுக்கள் மடியும். நலமான உயிரணுக்களோ மற்றொரு வழி திறந்திருப்பதால் பிழைத்துக்கொள்ளும். இக்கருத்தை இங்கிலாந்தின் இரு குழுவினர் 2005-ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2014-இல், ஒலபாரிப் என்னும் முதல் மருந்து சூலகப் புற்றுநோய்க்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டது.

இனி, நீர்பாய்ச்சிக்குக் கூலி உண்டு என்பதை மறத்தலாகாது. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளப்பது வழக்கம். பார்ப் நொதிக்கு அளக்கப்படும் நெல் என்.ஏ.டி.யே. சரத்தில் ஒரு மணிக்கு ஒரு என்.ஏ.டி. செலவாகின்றது. சிதைவு அளவுக்கு மிஞ்சினால் களஞ்சியமே வெறுமையாகி, ஆற்றலின்றி உயிரணு மடிவதும் உண்டு. ஏனெனில் என்.ஏ.டி. செப்பத்திற்கு மட்டும் உரியதன்று. உணவிலிருந்து ஆற்றலைப் பெறுவதற்கும் அதுவே கருவி. ஆர்தர் ஹார்டன் என்பார் 1906-ஆம் ஆண்டில் ஈஸ்ட்டின் சாற்றை ஆராய்ந்தபோது, நொதித்தலுக்குத் துணைநிற்கும் பொருளாக அது முதன்முதல் வெளிப்பட்டது.

அந்த என்.ஏ.டி. உடலுக்கு எங்கிருந்து கிடைக்கின்றது? உணவிலுள்ள நியாசின் என்னும் வைட்டமினிலிருந்தும், டிரிப்டோபன் என்னும் புரதக்கூற்றிலிருந்தும் உடல் அதனை ஆக்கிக்கொள்கின்றது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோபன் 1 மில்லிகிராம் நியாசினுக்கு ஈடாகும். நிலக்கடலை, மீன், இறைச்சி, பருப்பு முதலியவற்றில் இவை உள்ளன. இவை கிட்டாத ஏழை மக்களை வாட்டிய நோய் பெலாக்ரா.

ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கசால் 1735-ஆம் ஆண்டில் அந்நோயைக் குறித்தார். வெயில் படும் இடங்களாகிய கழுத்திலும் கைகளிலும் தோல் சிவந்து, பின் கறுத்துத் தடித்து வெடிக்கும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போல அப்புண் அமைவதால், அவர் பெயராலேயே அதனைக் கசாலின் மாலை என்பர். வயிற்றுப்போக்கு உண்டாகும். முற்றினால் அறிவும் கலங்கும். அங்ஙனம் கலங்கியோர் பலர் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டு மாண்டனர். மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஆயிரக்கணக்கானோர் இதற்கு இரையாயினர். மக்காச்சோளத்தின் தாயகமாகிய மெக்சிகோவில் மட்டும் இந்நோய் அரிதாயிருந்தது. அந்நாட்டார் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்பர்; கட்டுண்டு கிடக்கும் நியாசின் அதனால் விடுபடும்.

இது தொற்றுநோய் என்றே அமெரிக்க மருத்துவர் பலர் நம்பினர். ஜோசப் கோல்ட்பர்கர் என்பார் அதனை மறுத்தார். நோயுற்றாரின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, நோய் தொற்றாமையை 1916-ஆம் ஆண்டில் அவர் காட்டினார். உணவுக் குறையே காரணம் என்றார். குறைந்த பொருள் யாது என்பதை அறியாமலே 1929-இல் அவர் மறைந்தார். 1937-ஆம் ஆண்டில் கான்ராட் எல்வேயம், ஈரலிலிருந்து நிகோட்டினிக் அமிலத்தைப் பிரித்து, நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை அதனால் நீக்கினார். அந்த அமிலமே நியாசின் எனப்படுவது. மனிதரின் பெலாக்ராவும் அதற்கே பணிந்தது.

இந்தியாவில் இந்நோய் வேறொரு புதிரை எழுப்பியது. தக்காண மேட்டுநிலத்தில், ஐதராபாத்தைச் சூழ்ந்த பகுதிகளில், பெலாக்ரா காணப்பட்டது. அங்குள்ள ஏழை மக்கள் உண்டது மக்காச்சோளம் அன்று, நாட்டுச் சோளம். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துப் புன்செய்களில் மானாவாரியாக விளையும் அதே சோளம். அச்சோளத்தில் நியாசின் அரிசியைவிடக் குறைவாக இல்லை. டிரிப்டோபனும் மக்காச்சோளத்தில் உள்ளதுபோல மிகக் குறைந்ததன்று. அரிசி உண்போர்க்கு வாராத நோய் சோளம் உண்போர்க்கு ஏன் வருகின்றது?

இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் டாக்டர் சி. கோபாலன். 1918-ஆம் ஆண்டில் சேலத்தில் பிறந்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் பிறந்த அதே ஆண்டில், இராபர்ட் மக்காரிசன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அவ்வோரறையே வளர்ந்து உணவாய்வுக் கூடமாயிற்று. 1958-இல் அது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. கோபாலன் அதன் இயக்குநராயிருந்து, பெலாக்ரா நோயாளர் மருத்துவமனையை நாடிவரும் நகரிலேயே பணியாற்றினார்.

சோளத்தில் லியூசின் என்னும் புரதக்கூறு மிகுந்திருப்பதை அவர் நோக்கினார். குறைவால் விளைந்ததாக எல்லாரும் கருதிய நோய்க்கு, ஒன்றன் மிகுதியும் காரணமாகலாமோ என்பது அவர் எண்ணம். அவரும் ஸ்ரீகாந்தியா என்பாரும் இக்கருத்தை 1960-ஆம் ஆண்டில் இலண்டனின் லான்செட் இதழில் வெளியிட்டனர். லியூசின் மிகுந்தால், டிரிப்டோபன் நியாசினாகவும் என்.ஏ.டி.யாகவும் மாறும் வழி தடைப்படும் என்பது அக்கருத்து. நாய்களுக்கு லியூசினை மிகுதியாக ஊட்டியபோது கருநாக்கு நோய் தோன்றியதை அவர்கள் கண்டனர். ஐசோலியூசின் என்னும் மற்றொரு கூற்றை அளித்தபோது நோயாளர் நலம் பெற்றதையும் குறித்தனர். பிற நாட்டு ஆய்வாளர் சிலர்க்கு இதே முடிவு கிட்டவில்லை. ஆதலின் இக்கொள்கை அனைவராலும் ஏற்கப்பட்டதன்று. ஆனால் உணவில் ஒரு பொருளின் அளவை மட்டும் பாராமல், அப்பொருள்களுக்கு இடையேயுள்ள விகிதத்தையும் பார்க்கவேண்டும் என்ற நோக்கு அவ்வாய்வினால் உலகில் பரவியது. கோபாலன் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கி, 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் நூறாண்டு நிறைந்த முதுமையில் மறைந்தார். சோளம் உண்போரிடையே உணவில் பிற தானியங்களும் பருப்பும் கலந்தபோது பெலாக்ரா அரிதாயிற்று. சோளத்தைக் குறைகூற இதில் இடமில்லை. அதனைத் தவிர வேறெதுவும் வாங்க இயலாத வறுமையே குறைக்குரியது.

பெலாக்ரா வெயில் பட்ட இடத்திலேயே தோன்றுவது ஏன் என்பது கசாலுக்கும் விளங்கவில்லை, கோல்ட்பர்கருக்கும் விளங்கவில்லை. பார்ப் நொதியை அறிந்தபின் அறிவியலார் கூறும் விளக்கங்களுள் ஒன்று இது: நியாசின் குறைந்தால் தோலின் உயிரணுக்களில் என்.ஏ.டி. குறைகின்றது, வெயிலால் சிதைந்த டி.என்.ஏ.யைச் செப்பனிடக் கூலி போதவில்லை. நிழலிலுள்ள தோல் பிழைக்க, கழுத்தும் கைகளும் வெந்துபோகின்றன. உழவரும் கூலியாளருமே இந்நோய்க்கு மிகுதியும் ஆளாயினர். உணவிலும் குறைந்து, வெயிலிலும் மிகுதியாக நின்றவர் அவர்களே.

இதே வழியில் எண்ணிய ஆஸ்திரேலிய மருத்துவர், நியாசினின் மற்றொரு வடிவமாகிய நிகோட்டினமைடைத் தோல் புற்றுநோய்க்கு முன்னரே ஆளானோர் 386 பேரிடம் ஆய்ந்தனர். அந்நாட்டாருள் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர். அங்கே வெயில் கடுமையானது. பாதிப் பேருக்கு நாள்தோறும் இருமுறை 500 மில்லிகிராம் மாத்திரையும், மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் ஓராண்டு அளிக்கப்பட்டன. மருந்து உண்டோர்க்குப் புதிதாகத் தோன்றிய புற்றுநோய்கள் 23 விழுக்காடு குறைந்திருந்ததை 2015-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். மாத்திரையை நிறுத்தியபின் அந்நன்மை நீடிக்கவில்லை.